ஹோண்டாவை ஓடுகாலி என்றாயே, மாப்ளே

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் படிக்காதே, எழுதாதே, குனியாதே என்று டாக்டர் கட்டிப்போட்டுவிட்டார். தாமதத்துக்கு அதுதான் காரணம், கோபித்துக்கொள்ளாதே. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய். இனி உன் முதுகுக்கு ஓய்வில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடைசிப் பத்தியில் போகிறபோக்கில் ஒரு கல்லை விட்டெறிந்திருக்கிறாய். "ஹோண்டா 2026-இல் மறுபடியும் ஃபார்முலா ஒன்னுக்கு வருகிறானாம், ஆஸ்டன் மார்ட்டினுக்கு எஞ்சினாம். எத்தனை தடவைதான் வருவான், எத்தனை தடவைதான் போவான்? ஓடுகாலிக் கம்பெனி!" ஹாஸ்டல் சுவரில் ஃபார்முலா ஒன் கார்ப் பந்தய வீரர் சென்னா படத்தை ஒட்டி வைத்திருந்தவனா இப்படி எழுதுவது? கண்ணை மூடிப் படுத்திருந்த நாட்களில் உனக்கு மனசுக்குள்ளேயே பதில் எழுதிக்கொண்டிருந்தேன்.

உன் கணக்கு தப்பில்லை. 1968, 1992, 2008, 2021 என்று நான்கு தடவை போயிருக்கிறார்கள். ஆனால் எப்படி வந்தார்கள் என்று பார்க்காமல் போனதை மட்டும் பேசினால் எப்படி?

சோய்ச்சிரோ ஹோண்டாவுக்கு ரேஸ் என்பது விளம்பரத்துக்காகப் பின்னால் வந்த யோசனை இல்லை. கம்பெனி பிறப்பதற்கு முன்பே, 1936-இல், டோக்கியோ பக்கம் தாமகாவா ஓடுதளத்தில் தானே தயார் செய்த காரை ஓட்டி, இன்னொரு காரில் மோதி, முகத்தில் பலத்த அடி வாங்கியவர். கூட உட்கார்ந்திருந்த தம்பிக்கு அதைவிடப் பெரிய காயம். அந்த மனிதர்தான் 1954-இல், கையில் காசில்லாமல் கம்பெனி தள்ளாடிக்கொண்டிருந்த நேரத்தில், மேன் தீவு மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்குப் போகப்போகிறோம் என்று ஊரறிய அறிவித்தார். அதே வருஷம் அந்தத் தீவுக்கு நேரில் போய்ப் பார்த்து, ஐரோப்பிய வண்டிகளின் வேகத்தில் அரண்டுபோய்த் திரும்பினார். 1959-இல் 125 சிசி பிரிவில் ஆறாவது இடம். 1961-இல் 125, 250 இரண்டிலும் முதல் ஐந்து இடங்களும் ஹோண்டாவுக்கு.

அப்புறம் கார். இதை நீ கவனித்திருக்க மாட்டாய். ஹோண்டா நாலு சக்கர வண்டி விற்க ஆரம்பித்ததே 1963-இல்தான், அதுவும் முதலில் ஒரு குட்டி லாரி. அடுத்த வருஷம் ஆகஸ்டில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ஓடுதளத்தில் ஃபார்முலா ஒன் கார் நிற்கிறது! லோட்டஸ் கம்பெனிக்கு எஞ்சின் மட்டும் கொடுப்பதாகத்தான் முதலில் பேச்சு. அவர்கள் கடைசி நேரத்தில் கைவிரித்ததும், சரி, காரையும் நாமே செய்துவிடலாம் என்று இறங்கிவிட்டார்கள். இந்த அசட்டுத் துணிச்சல்தான் எனக்கு அந்தக் கம்பெனியிடம் பிடித்தது.

1965 அக்டோபர் மெக்ஸிகோ பந்தயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 1500 சிசி எஞ்சின்களுக்கு அதுதான் கடைசிப் பந்தயம். மறு வருஷம் முதல் 3000 சிசி. ஹோண்டாவின் ஆர்ஏ272-இல் இருந்தது பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின். 1500-ஐப் பன்னிரண்டால் வகுத்துப் பார். ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு 125 சிசி பைக்கின் அளவு! அதைக் குறுக்குவாட்டில் கிடத்தி வைத்திருந்தார்கள். மோட்டார் சைக்கிள்காரர்கள் செய்த எஞ்சின் என்பது பார்த்த உடனே தெரியும்.

மெக்ஸிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலே. உன் பழைய மோட்டார் சைக்கிளில் நாம் இரண்டு பேரும் மலையேறினோமே, ஞாபகம் இருக்கிறதா? பாதி வழியில் வண்டி இருமி இருமி நின்றது. நீ பிளக்கைக் கழற்றிக் கழற்றித் துடைத்தாய், கரி கரியாக வந்தது. பிளக்கின் மேல் குற்றமே இல்லை. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது, பெட்ரோல் மட்டும் அதே அளவு வந்துகொண்டிருக்கிறது, எஞ்சினுக்கு மூச்சு முட்டுகிறது. மெக்ஸிகோவிலும் அதே கதைதான். ஆனால் ஹோண்டா அணியை நடத்திய யோஷியோ நாகமுரா ஒரு காலத்தில் விமான எஞ்சின்களோடு பழகியவர். மெல்லிய காற்றில் எரிபொருளை எப்படி அளந்து விடுவது என்பது அவருக்குக் கைவந்த கலை. ரிச்சி கின்தர் மூன்றாவது இடத்திலிருந்து கிளம்பி, முதல் சுற்றிலேயே முன்னால் போய், 65 சுற்றும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஹோண்டாவுக்கும் அதுதான் முதல் வெற்றி, கின்தருக்கும் அதுதான். நாகமுரா ஜப்பானுக்குத் தந்தி அடித்தார்: "வந்தேன், பார்த்தேன், வென்றேன்." ஜூலியஸ் சீசரைக் கடன் வாங்க அன்றைக்கு அவருக்கு முழு உரிமை இருந்தது.

அந்தப் பெருமை மூன்று வருஷம்கூடத் தாங்கவில்லை. சோய்ச்சிரோவுக்குத் தண்ணீர் பிடிக்காது. எஞ்சினைக் காற்றால்தான் குளிர்விக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அவர் பிடிவாதத்துக்காக 1968-இல் ஆர்ஏ302 என்று ஒரு கார் பிறந்தது. காற்றில் குளிரும் எஞ்சின், மக்னீசியத் தகட்டில் உடம்பு. ஹோண்டாவின் ஓட்டுநர் ஜான் சர்ட்டீஸ் ஓட்டிப் பார்த்துவிட்டு, இது பந்தயத்துக்கு லாயக்கில்லை என்று மறுத்துவிட்டார். அப்படியும் ஜூலை 7-ஆம் தேதி, பிரான்சில் ரூவான் ஓடுதளத்தில் அது இறங்கியது. ஓட்டியவர் ஜோ ஷ்லெஸ்ஸர் என்ற நாற்பது வயது பிரெஞ்சுக்காரர். மழை ஈரம். மூன்றாவது சுற்றில் இறக்கத்தில் கார் வழுக்கிக் கரையில் மோதியது. மக்னீசியம் பிடித்துக்கொண்டால் எப்படி எரியும் என்று பள்ளி ஆய்வகத்திலேயே பார்த்திருக்கிறோம். அவர் உயிரோடு மீளவில்லை. அதே பந்தயத்தில் சர்ட்டீஸ், தண்ணீரில் குளிரும் பழைய ஹோண்டாவில் இரண்டாவதாக வந்தார். இதைவிடக் கொடுமையான தீர்ப்பு வேறென்ன வேண்டும்?

அந்த வருஷ முடிவில் ஹோண்டா விலகியது. இந்தப் போக்கை நான் ஓட்டம் என்று சொல்ல மாட்டேன். ரேஸ் எஞ்சின் செய்த பொறியாளர்களைப் புகை குறைக்கும் ஆராய்ச்சியில் உட்கார வைத்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் சிவிசிசி எஞ்சின். அமெரிக்காவின் புதிய புகைக் கட்டுப்பாட்டை, புகைக்குழாயில் நச்சைக் குறைக்கும் வினையூக்கி மாற்றி எதுவும் இல்லாமலே தாண்டிய எஞ்சின். அது தண்ணீரில் குளிர்ந்தது. பெரியவர் இறங்கிவந்து சம்மதித்தார், 1973-இல் தலைவர் பதவியை விட்டும் இறங்கினார். பிற்பாடு கம்பெனித் தலைவர்களான தாதாஷி குமேவும் நொபுஹிகோ கவமோட்டோவும் இந்த ரேஸ் பட்டறையில் கை அழுக்கானவர்கள்தான்.

இனி உன் சென்னா. 1983-இல் திரும்பி வந்தார்கள், இந்த முறை எஞ்சின் மட்டும். வில்லியம்ஸ் அணியோடு ஜெயித்தது எல்லாம் உனக்கே தெரியும், தாண்டிப் போகிறேன். 1988-இல் சென்னா ஓட்டிய மெக்லாரன் அணியும் ஹோண்டாவும் சேர்ந்து 16 பந்தயத்தில் 15-ஐ வென்றன. அந்தப் பதினாறாவது எப்படிப் போனது என்று ஞாபகம் இருக்கிறதா? மோன்சா, செப்டம்பர் 11. ஃபெராரியின் கிழவர் என்ஸோ இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இன்னொரு மெக்லாரனை ஓட்டிய ப்ரோஸ்டின் எஞ்சின் போய்விட்டது. சென்னா முன்னால், ஆனால் பெட்ரோலை மிச்சம் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறார். பின்னால் பெர்கரின் ஃபெராரி நெருங்குகிறது. இரண்டே சுற்று பாக்கி இருக்கையில், முதல் வளைவில் சென்னா, சுற்றுப் பின்தங்கிய ஒரு வில்லியம்ஸைத் தாண்டப் போனார். அந்தக் கார் பிரேக்கில் சறுக்கி, விலகி, திரும்ப உள்ளே வந்து இடித்தது. மெக்லாரன் மேடேறி நின்றுவிட்டது. முதல் இரண்டு இடமும் ஃபெராரிக்கு. இத்தாலி அழுதது.

அந்த வில்லியம்ஸில் இருந்தவர் அந்த அணியின் வழக்கமான ஓட்டுநர் மேன்செலுக்கு அம்மை போட்டதால் மாற்றாக வந்தவர். அவர் ஓட்டிய ஒரே கிராண்ட் பிரி அதுதான். பெயர் ஷான்-லூயி ஷ்லெஸ்ஸர். ரூவானில் ஹோண்டா காரில் எரிந்துபோன ஜோ ஷ்லெஸ்ஸரின் அண்ணன் தம்பி வழிப் பிள்ளை! விதி, கர்மா என்றெல்லாம் நான் பேச மாட்டேன் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் இதை முதன்முதலில் படித்த அன்றைக்கு ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

2008-க்கு வா. இங்கே நீ சிரிக்கலாம், எனக்கும் சிரிப்புதான். 1992-இல் போனவர்கள் திரும்பி வந்து, சொந்த அணி வைத்து, 2006-இல் ஹங்கேரியில் ஓட்டுநர் பட்டன் 14-ஆவது இடத்திலிருந்து வந்து ஜெயித்த ஒன்றே ஒன்றுதான் மிச்சம். உலகப் பொருளாதாரம் கவிழ்ந்த டிசம்பரில் கடையைக் கட்டினார்கள். அணியை அதன் தலைவர் ராஸ் பிரான் ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கினார். ஹோண்டா காசில் வரைந்த அந்தக் கார், மெர்சிடிஸ் எஞ்சினோடு, மறு வருஷமே ஓட்டுநர் பட்டம், அணிப் பட்டம் இரண்டையும் அள்ளியது. பிறகு அதே அணி மெர்சிடிஸ் கைக்குப் போய் 2014 முதல் எட்டு வருஷம் தொடர்ந்து அணிப் பட்டம் எடுத்தது. வயலை உழுது, விதைத்து, களை பிடுங்கி, அறுப்புக்கு முந்தின நாள் குத்தகையை விட்டுவிட்டுப் போனவன் கதை.

2015-இல் மெக்லாரனோடு வந்தபோது அந்தப் போனதற்கான விலையைக் கொடுத்தார்கள். பழைய கைகள் கலைந்துபோயிருந்தன. மற்றவர்கள் பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்த ஹைப்ரிட் எஞ்சினில் ஒரு வருஷம் ஓடிப் பழகிவிட்டிருந்தார்கள். போதாததற்கு மெக்லாரன் எஞ்சினை இறுக்கமான உடம்புக்குள் திணிக்கச் சொன்னது. சுஸூகாவில், ஹோண்டாவின் சொந்த ஓடுதளத்தில், முதலாளிகள் பார்த்துக்கொண்டிருக்க, மெக்லாரன் ஓட்டுநர் அலோன்ஸோ ரேடியோவில் கத்தினார், இது கீழ்ப்பிரிவு எஞ்சின் என்று. அந்த அவமானத்துக்கு அப்புறமும் அவர்கள் போகவில்லை, மாப்ளே. உன் கடிதத்தில் இது விட்டுப்போயிற்று.

டர்போவோடு சுழலும் மின் மோட்டார்தான் பெரிய தலைவலி. நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடும் தண்டு அதிர்ந்து அதிர்ந்து உடைந்துகொண்டே இருந்தது. கடைசியில் யார் வந்து தீர்த்தது தெரியுமா? ஹோண்டாஜெட் விமான எஞ்சின் பிரிவுக்காரர்கள். மெக்ஸிகோவில் வழி காட்டியவர் விமானக்காரர், இங்கேயும் விமானக்காரர்களே. மெக்லாரனை விட்டு ரெட் புல் அணிக்கு எஞ்சின் கொடுத்தார்கள். 2019-இல் ஆஸ்திரியாவில் அதன் ஓட்டுநர் வெர்ஸ்டாப்பன் ஜெயித்து, மேடையில் தன் சட்டையிலிருந்த ஹோண்டா சின்னத்தைத் தொட்டுக் காட்டினார். 2021-இல் அவருக்கு ஓட்டுநர் பட்டம். அதற்கு முந்தின வருஷமே கிளம்புகிறோம் என்று அறிவித்தாகிவிட்டது!

இந்த நாலாவது போக்கில் மட்டும் நான் உன் பக்கம். கரியமிலத்தைக் குறைக்கப் போகிறோம், ரேஸுக்கு ஆளில்லை என்றார்கள். இரண்டரை வருஷத்தில், 2023 மே மாதம், 2026-க்குத் திரும்பி வருகிறோம் என்றார்கள். புது விதியில் பாதிக்குப் பாதி மின்சாரம் என்பது நல்ல சாக்கு. உள்ளபடி சொன்னால், அந்தக் கம்பெனிக்குள் எப்போதும் இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள். பட்டறையில் இருப்பவன் வா என்கிறான், கணக்குப் பிள்ளை போ என்கிறான். ஓடுகாலிக்கு வீட்டு ஞாபகமே இருக்காது. இவன் ஒவ்வொரு தடவையும் திரும்பி வருகிறானே?

இன்னொன்று விட்டுப்போகப் பார்த்தது. கிளம்பிய பிறகும் ரெட் புல்லுக்கு எஞ்சின் செய்து கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். 2023-இல் அந்தக் கார் 22-க்கு 21 வென்று, 1988 சாதனையை விகிதத்தில் முறியடித்தது. தவறவிட்ட ஒன்று சிங்கப்பூர். அங்கே ஜெயித்ததும் ஃபெராரிதான். சிரிப்பதா அழுவதா, நீயே சொல்.

கண் இன்னும் சரியாகக் கூடவில்லை, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். உன் பேரனைக் கேட்டு அந்த மோன்சா காட்சியைத் தேடிப் போட்டுப் பார். வில்லியம்ஸ் சறுக்கும்போது சென்னா இன்னும் ஒரு வளைவு பொறுத்திருக்கலாமா, கூடாதா? நான் பொறுத்திருக்கலாம் என்கிறேன். நீ சண்டைக்கு வருவாய் என்று தெரியும். அடுத்த கடிதத்தில் வா.

உன் பழைய அறைத்தோழன்