மருந்தை நிறுத்தாதீர்கள் என்று மைக்கில் சொல்லுங்கள்: சுகமளிக்கும் கூட்டம் நடத்தும் போதகர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை வட்டாரங்களில் சுகமளிக்கும் கூட்டங்கள் நடத்தும் போதகர் ஐயாமாருக்கும், அவற்றை ஒழுங்குசெய்யும் மூப்பர்களுக்கும் ஸ்தோத்திரம்.

என் தங்கை மகளுக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும். சுகமானேன் என்று மேடையில் அவள் சாட்சி சொன்னதைப் பார்த்தீர்கள். பிறகு இன்சுலின் ஊசியை நிறுத்தி ஐசியுவில் கிடந்ததையும் கேள்விப்பட்டீர்கள். அதை முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். இனி எந்த மேடையிலும் யாரையும் மருந்தை நிறுத்தவிடாதீர்கள். நிறுத்தக் கூடாது என்று நீங்களே மைக்கில் சொல்லுங்கள்.

"நாங்கள் நிறுத்தச் சொல்லவில்லையே" என்று எங்களுக்குப் பதில் வந்தது. அந்த வார்த்தையில் சொல்லவில்லைதான். "சுகமாயிட்டே மகளே, இனி உனக்கு ஊசி எதுக்கு?" என்று அவ்வளவு பேர் முன்னால் கேட்கப்பட்டது. கூட்டம் அல்லேலூயா சொன்னது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளை அதிலிருந்து வேறு என்ன புரிந்துகொண்டிருப்பாள்?

அவளுக்கு இருப்பது முதல் வகைச் சர்க்கரை நோய். மாத்திரையிலும் உணவுக் கட்டுப்பாட்டிலும் ஓட்டிவிட முடியாது. உடம்பில் இன்சுலின் சுரப்பதே அற்றுப்போன நோய் அது. ஊசி நின்றால் இரத்தத்தில் அமிலம் ஏறும். வாந்தி, வயிற்று வலி, மேல்மூச்சு, பிறகு நினைவு தப்பும். அவளுக்கும் அதே வரிசையில்தான் வந்தது. வாந்தி எடுத்தபோது "பிசாசின் கட்டு விடுபடுது, பயப்படாதீங்க" என்றார் ஜெபக்குழுவில் ஒருவர். என் தங்கை அதை நம்பி விடியும்வரை காத்திருந்தாள்.

1922 ஜனவரியில் டொரண்டோவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அதற்கு முன் இந்த நோய் கண்ட பிள்ளைகளைப் பெற்றவர்களும் ஜெபித்திருப்பார்கள். பிள்ளைகளை மண்ணுக்குத்தான் கொடுத்தார்கள். இன்சுலினைக் கர்த்தருடைய கிருபை என்றே நான் சொல்லுவேன். அதைத்தான் ஒரு மேடைப் பேச்சை நம்பிக் குப்பையில் போட்டோம்.

பிள்ளை பிழைத்துவிட்டாள். ஆனால் அதோடு முடியவில்லை ஐயா.

ஞாயிறு ஆராதனை முடிந்து அன்பின் விருந்து நடக்கும் நாட்களில், சாப்பிடுவதற்கு முன் அவள் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். முன்பெல்லாம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தபடியே போட்டுக்கொள்வாள். சின்னப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்கும். எத்தனை யூனிட், எதற்கு என்று அவளே விளக்கம் சொல்லுவாள். இப்போது பையை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் பின்னாலிருக்கும் கழிப்பறைக்குப் போகிறாள். தாழ்ப்பாள் சரியில்லாத கதவு. "யாராச்சும் வராங்களான்னு பாருங்க பெரியம்மா" என்று என்னை வெளியே நிறுத்திவிட்டு, ஈரத் தரையில் நின்று வயிற்றில் குத்திக்கொள்கிறாள். ஊசி போடுவதை யாராவது பார்த்தால், கிடைத்த சுகத்தைக் காத்துக்கொள்ளத் தெரியாதவள் என்பார்கள். ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் ஏதோ அறிக்கையிடாத பாவம் இருக்கிறது என்றும் என் தங்கையிடம் நேராகவே சொன்னார்கள். "அப்போ நான் மேடையில பொய்யா பெரியம்மா சொன்னேன்?" என்று அந்தப் பிள்ளை என்னைக் கேட்டாள். அதற்கு நான் என்ன பதில் சொல்ல? நீங்கள் சொல்லுங்கள்.

அவள் சாட்சி சொன்ன வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்து இன்னொரு தாய் ஊசியைத் தூக்கிப் போட்டால் அதற்கு யார் பொறுப்பு?

நான் அற்புதத்தை நம்பாதவள் என்று எண்ணிவிடாதீர்கள். கர்த்தர் இன்றைக்கும் சுகம் தருகிறார் என்பது என் விசுவாசம். ஆனால் அவர் குஷ்டரோகிகளைச் சுத்தமாக்கியபோது, "நீங்கள் போய், ஆசாரியர்களுக்கு உங்களைக் காண்பியுங்கள்" என்றுதானே அனுப்பினார்? சுகமானதைச் சோதித்துச் சொல்லும் பொறுப்பு நியாயப்பிரமாணத்தின்படி ஆசாரியனுடையது. சோதனைக்குப் போகச் சொல்ல ஆண்டவரே தயங்கவில்லை. ஏசாயா, எசேக்கியா ராஜாவின் பிளவைக்கு அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னார். பவுல் தம் உடம்பிலிருந்த முள் நீங்க மூன்றுதரம் வேண்டியும் கிடைத்தது "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான். அவரோடு கடைசிவரை நின்ற லூக்கா ஒரு வைத்தியர். இதையெல்லாம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே உங்களைப் போன்ற போதகர்கள்தான்.

அதுவும் இதை வேலூரில் கேட்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் எனக்குப் பெரிய வேதனை. திண்டிவனத்தில் ஒரே இரவில் பிரசவ வேதனையில் மூன்று பெண்கள் செத்துப்போனதைக் கண்ட ஐடா ஸ்கடர் அம்மையார் அன்றிரவு ஜெபித்தார். அந்த ஜெபம் அவரை மருத்துவம் படிக்க அனுப்பியது. 1900இல் அவர் திரும்பிவந்து ஒற்றைக் கட்டிலோடு தொடங்கியதுதான் இன்றைக்கு நாடெங்கும் தெரிந்த சி.எம்.சி. மருத்துவமனை. அங்கே வேலை பார்த்த டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் சிக்கி இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். கால்கள் திரும்பவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்தார். அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று உங்களில் யாராவது சொல்லுவீர்களா? சொல்லமாட்டீர்கள் என்றால் என் தங்கை மகளுக்கு மட்டும் ஏன் அந்தப் பழி?

உங்கள் நோட்டீஸ்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேன்சர், வலிப்பு, சர்க்கரை என்று வியாதிகளை வரிசையாக அச்சடிக்கிறீர்கள். மந்திரம், தாயத்து போன்றவற்றால் இந்த வியாதிகளைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954இலேயே மத்திய அரசு சட்டம் போட்டிருக்கிறது. ஜெபம் தாயத்து இல்லை என்பீர்கள். நானும் அப்படித்தான் நம்புகிறேன். பிறகு ஏன் தாயத்து விற்பவரைப் போலப் பட்டியல் போட வேண்டும்? வெளிமாநிலத்திலிருந்து நிலத்தை அடகு வைத்து வைத்தியத்துக்கு வந்து, காந்தி ரோடு லாட்ஜுகளில் அடுத்த தேதிக்காகக் காத்திருக்கிறார்களே, அவர்கள் கையிலும் இந்த நோட்டீஸ் போய்ச் சேருகிறது. அவர்களில் ஆறு மாதக் காசநோய் மாத்திரையைப் பாதியில் விடுகிறவர் வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத காசநோயோடு ஊர் திரும்பலாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு ஓயாமல் வந்து உயிரே போகலாம். அவர்கள் உங்கள் மேடைக்குத் திரும்பிவந்து இதைச் சொல்லப்போவதில்லை. சுகம் கிடைத்தவர் சாட்சி சொல்ல வருகிறார். செத்தவர் வீட்டுக்கு மைக் யார் கொடுத்தீர்கள்?

ஊழியக்காரர்களாகிய நீங்களும் பி.பி. மாத்திரை சாப்பிடுகிறீர்கள், ஆஸ்பத்திரியில் செக்கப் செய்துகொள்கிறீர்கள். அதில் குற்றமே இல்லை. அதையும் மேடையில் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். "நானும் மாத்திரை போடுகிறேன், ஜெபமும் பண்ணுகிறேன்" என்று நீங்கள் ஒருதரம் சொன்னால், கழிப்பறையில் ஒளிந்து ஊசி போடும் பிள்ளைகள் வெளியே வருவார்கள்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததை மறுபடியும் தாழ்மையாகவே கேட்கிறேன். ஜெபத்துக்கு முன்னும் சாட்சிகளுக்குப் பின்னும், டாக்டர் சொல்லாமல் மருந்தை நிறுத்தாதீர்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள். டாக்டர் பார்த்து உறுதி சொல்லும்வரை ஒருவரையும், முக்கியமாகப் பிள்ளைகளை, சுகமானேன் என்று மேடையில் சாட்சி சொல்லவைக்காதீர்கள். சுகம் கிடைக்காதவர்களைப் பாவிகள் என்று உங்கள் ஜெபக்குழுவினர் பேசுவதை நிறுத்துங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு காட்பாடி ரோடு முழுக்கச் சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது. அந்த மேடையிலேயே இதைத் தொடங்கலாம். ஒரு நிமிஷம்கூட ஆகாது. என் தங்கை மகளின் வீடியோவை மட்டும் அதுவரை வைத்திருக்காமல் இந்த வாரமே எடுத்துவிடுங்கள். அவளும் அதைத்தான் கேட்கிறாள்.

கிறிஸ்துவின் அன்பில்,
அந்தப் பிள்ளையின் பெரியம்மா,
காட்பாடி.