எண்ணெயும் ரப்பரும்

சுங்கை சிப்புட்

அன்புள்ள வசந்தாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பெரியவள் மாற்றலாகிப் பக்கத்திலேயே வந்துவிட்டதில் எனக்கும் சந்தோஷம். இங்கே சாயங்காலமானால் மழைதான். பாலாய் ராயா பொதுமண்டபத்தில் தோட்டத்துப் பெண்களுக்கு நீ பேசப்போவதைப் படித்ததுமே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

‘உறவின்போது எரிகிறது, தேங்காய் எண்ணெய் தடவினால் போதாதா?’ என்று அவர்கள் கேட்பதாக எழுதியிருந்தாய். ஆணுறை போடுகிற இடத்தில் எண்ணெய் வரவே கூடாது. நம் ஆட்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். பால்மரம் வெட்டிய குடும்பங்கள். ரப்பர் ஷீட்டில் மண்ணெண்ணெய் பட்டால் ஊதிக் கொழகொழத்துப் போகும் என்று தெரிந்தவர்கள். லேடெக்ஸ் ஆணுறையும் அதே பால்தான். 1989இல் வெளிவந்த ஆய்வில், மினரல் ஆயில், அதாவது பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் எண்ணெய், 60 வினாடி பட்டதுமே ஆணுறையின் பலம் ஏறக்குறைய 90 விழுக்காடு போய்விட்டது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, அதுதான் ஆபத்து. பேபி ஆயில், வாசலின், கைக்குப் பூசும் லோஷன், நல்லெண்ணெய் எதுவும் வேண்டாம். டாக்டர் தரும் சில ஈஸ்ட்ரோஜன் க்ரீம்களில்கூட மினரல் ஆயில் உண்டு, கேட்டு வாங்கச் சொல்.

கூட்டத்தில் செய்தே காட்டு. இரண்டு ஆணுறையை ஊதி முடிச்சுப் போடு. ஒன்றில் தண்ணீர் ஜெல் (உறவின்போது வழவழப்புக்குத் தடவும், தண்ணீரில் செய்த ஜெல்), மற்றதில் பேபி ஆயில் வைத்து விரல் நுனியால் ஒரே இடத்தில் தேய்த்துக்கொண்டே இரு. எண்ணெய் பட்டது ‘டப்’பென்று போகும்போது யாரும் மறக்க மாட்டார்கள்.

அதற்காகத் தண்ணீர் ஜெல் எல்லாமே நல்லது என்று சொல்லிவிடாதே. உப்புப் போட்ட மாங்காய் தண்ணீர் விடுகிறதல்லவா, கிளிசரினும் ப்ரொப்பிலீன் கிளைக்காலும் கூடுதலாக இருக்கிற ஜெல் உள்தோலிலிருந்து அப்படித்தான் நீரை இழுக்கும். செல்கள் சுருங்கி மேல்படலம் உரியும். நீரில் எவ்வளவு பொருள் கரைந்திருக்கிறது என்று அளக்கும் கணக்குக்கு ஆஸ்மொலாலிட்டி என்று பெயர். நம் இரத்தத்தில் அது ஏறக்குறைய 290. ஜெல்லில் 380க்குள் இருப்பது நல்லது, 1200ஐத் தாண்டவே கூடாது என்று 2012இல் உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது. கடையில் விற்பவற்றில் சில 2000த்தையும் தாண்டும். தோல் உரிவதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். அதனாலேயே மனிதர்களுக்கு நோய் கூடியது என்று இன்னும் நிரூபணமாகவில்லை. ஆனாலும் கிருமியைத் தடுக்கிற சுவரை நாமே சுரண்டுவானேன்? டியூபில் இந்த எண் இல்லையென்றால், தண்ணீருக்கு அடுத்த பெயரே கிளிசரினாக இருந்தால் வைத்துவிட்டு வரட்டும். சிலிக்கோன் ஜெல்லில் இந்தத் தொல்லை இல்லை, ரப்பரையும் அது கெடுக்காது.

‘கிருமியைக் கொல்லும்’ என்று எழுதியிருந்தால் நோனாக்ஸினால்-9 என்கிற விந்தணுக்கொல்லி மருந்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆப்பிரிக்காவிலும் தாய்லாந்திலும் நடந்த சோதனையின் முடிவு 2002இல் வந்தது: அதை அடிக்கடி பயன்படுத்திய பெண்களுக்கு எச்.ஐ.வி. கூடியதே தவிர குறையவில்லை. மரத்துப்போக வைக்கும் ஜெல்லும் வேண்டாம், கிழிந்தாலும் தெரியாது. ஜெல்லுக்குப் பதிலாக எச்சிலும் வேண்டாம், சீக்கிரம் காய்ந்துவிடும்; தொண்டையில் மேகவெட்டைக் கிருமி இருந்தால் அதையும் கொண்டுபோய்ச் சேர்க்கலாம்.

ஆணுறையின் உள்நுனியில் ஒரு சொட்டு போதும், கூடினால் வழுக்கிக் கழன்றுவிடும். வெளியே தாராளமாக, ஒரு தேக்கரண்டி அளவு. காய்ந்தால் மறுபடி தடவணும்.

மாதவிலக்கு நின்றவர்களிடம் கொஞ்சம் அதிக நேரம் பேசு வசந்தா. இனிப் பிள்ளை உண்டாகாது என்று ஆணுறையை விட்டுவிடுகிறார்கள். அந்த வயதில்தான் உள்தோல் மெலிந்து சுலபமாகக் கீறும், கீறல் வழியே கிருமி நுழையும். ஜெல் கீறலைக் குறைக்கும், நோயைத் தடுக்காது. கணவன் வேறிடம் போகிறான் என்று சந்தேகம் இருந்தால் ஆணுறையும் சோதனையும் வேண்டும். கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில், பெயர் சொல்லாமலே எச்.ஐ.வி. சோதனை செய்யலாம். ஆபத்தான உறவில் ஆணுறை கிழிந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குப் போகணும், எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை 28 நாள் சாப்பிடணும். சீக்கிரம் போகப் போக நல்லது.

போகும்போது நாலைந்து ஜெல் டியூப் எடுத்துக்கொண்டு போ. லேபிளை அவர்களையே வாசிக்கச் சொல். எழுத்து ரொம்பப் பொடி, கண்ணாடி கொண்டுவரச் சொல்லிவிடு.

அன்புடன்,
சரோஜா