ஜெயந்தி துப்பாக்கி வாங்கிவிட்டாள்

ஹூஸ்டன்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ள குரு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? சின்னவன் கவுன்சிலிங்கில் என்ன எடுத்தான்? பதில் போடாததற்குத் திட்ட வேண்டியதையெல்லாம் அடுத்த தடவை போனில் திட்டிக்கொள். இப்போது விஷயத்தைக் கேள். உன் தங்கச்சி ஜெயந்தி துப்பாக்கி வாங்கிவிட்டாள்.

சிரிக்காதே. கரப்பான் பூச்சியை முறத்தில் ஏந்திக்கொண்டுபோய் வாசலில் விடுகிற அதே ஜெயந்திதான். கல்யாணப் பந்தியில் நம்ம என்.சி.சி. ஹவில்தார் சார் "இனிமே இதுதான்டா உனக்கு கமாண்டிங் ஆபீசர்" என்றாரே, அந்த வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்.

ஹூஸ்டனுக்கு வடமேற்கே, நவசோட்டா பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கியது உனக்குத் தெரியும். வேலையை விட்டதிலிருந்து வாரத்தில் பாதி அவளுக்கு அங்கேதான். முருங்கை, கத்தரி, பாகல், அவரை என்று தேனி மாவட்டத்தையே கொண்டுவந்து நட்டு வைத்திருந்தாள். ஒரு ராத்திரி காட்டுப்பன்றிக் கூட்டம் வந்து அத்தனையையும் உழுதுபோட்டுப் போய்விட்டது. உன் கடலைக்காட்டுப் பன்றிகளுக்கு டெக்ஸஸிலும் சொந்தபந்தம் இருக்கிறது என்று தெரிந்துகொள். மறுநாள் பக்கத்து நிலத்துக் கிழவர் வந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு தூரத்தில் தனியாக இருக்கிறாய், வீட்டில் துப்பாக்கி இல்லையா?" என்று கேட்டார். வீட்டில் கக்கூஸ் இல்லையா என்று கேட்கிற தொனி. ஜெயந்தி அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாள்.

இங்கே நடைமுறையைச் சொன்னால் உனக்கு வயிறு எரியும். கடையில் ஒரு படிவம், 4473 என்று பேர், அதை நிரப்பிக் கொடுத்தால் கம்ப்யூட்டரில் உன் ஜாதகத்தைப் பார்ப்பார்கள். குற்றம் குறை இல்லையென்றால் பெரும்பாலும் அங்கேயே கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கைத்துப்பாக்கிக்கு 21 வயது, ரைபிளுக்கு 18. குடியுரிமைகூட வேண்டாம், பச்சை அட்டை போதும். தற்காலிக வேலை விசாவில் இருக்கிறவனுக்கு மட்டும் கிடையாது. அதிலும் ஒரு வேடிக்கை, வேட்டை லைசென்ஸ் எடுத்துவிட்டால் அவனும் வாங்கலாம்! நீயோ ஐயாவின் இரட்டைக்குழலை உன் பேருக்கு மாற்ற கலெக்டர் ஆபீஸ், தாசில்தார், ஸ்டேஷன் என்று செருப்புத் தேய நடந்தாய். தேர்தல் அறிவித்தால் போதும், அதைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் கட்டிவிட்டு ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொள்வாய். எது சரி என்று கேட்காதே. இரண்டையும் பார்த்தவனுக்கு இரண்டிலும் பயம் இருக்கிறது.

சரி, நான் எழுத உட்கார்ந்தது இதற்கில்லை. கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருந்ததில் முக்கால்வாசி என்ன தெரியுமா? நைலான்டா! கிண்டி சிப்பெட் பிளாஸ்டிக் காலேஜில் நான் படித்தபோது "வாளி செய்யவா மெட்ராஸ் வரைக்கும் போனே?" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவன் நீதானே. அந்த வாளிப் படிப்பு இப்போது அமெரிக்கர்களின் இடுப்பில் தொங்குகிறது.

கடைக்காரப் பையன் ஒன்றை எடுத்து என் கையில் வைத்துக் குறி பார்க்கச் சொன்னான். நான் அதைத் திருப்பி டிரிகர் வளையத்துக்கு அடியில் வெளிச்சத்தில் பார்த்தேன். நடுவே நூல் மாதிரி ஒரு கோடு ஓடுகிறது, அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடம். ராணுவத்துக்குப் போகிற சாமான், அந்தக் கோட்டைத் தேய்த்துக்கூட எடுக்கவில்லை! முன்பக்கம் அடியில் சின்ன உலோகத் தகடு ஒன்றைப் பதித்து அதில் சீரியல் நம்பர் போட்டிருந்தது. கண்ணாடி இழை கலந்த நைலான். உருக்கி, அச்சுக்குள் அழுத்தி, ஆற வைத்து எடுத்தால் தீர்ந்தது வேலை. எஃகுக் கட்டியை மணிக்கணக்கில் கடைந்து எடுக்கிற செலவு மிச்சம். பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "இவர் பிளாஸ்டிக் இன்ஜினியர், விட்டுருங்க" என்றாள் ஜெயந்தி.

இதன் கதை உனக்குப் பிடிக்கும். 1959இல் ரெமிங்டன் கம்பெனி 'நைலான் 66' என்று ஒரு .22 அங்குலக் குழல் ரைபிள் போட்டது. ரெமிங்டன் அப்போது டூபாண்ட் கையில். டூபாண்ட்தான் நைலானுக்கே தாய்வீடு. பட் (குழலைத் தாங்கித் தோளில் முட்டுகிற கட்டை), உடம்பு எல்லாம் நைலான், எடை நாலு பவுண்டு சொச்சம். நம்ம என்.சி.சி. டீலக்ஸ் ரைபிள் ஞாபகம் இருக்கிறதா? "நீளம் 43 அங்குலம், எடை 6 பவுண்டு 2 அவுன்ஸ், சார்!" தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோமே. அதைவிட இரண்டு பவுண்டு குறைவு. பிளாஸ்டிக் துப்பாக்கியை எவன் வாங்குவான் என்று எல்லாரும் நினைக்க, டாம் ஃப்ரை என்கிற கம்பெனி ஆள் அதை வைத்து, மேலே வீசிய மரக்கட்டைகளை வரிசையாகச் சுட்டார். 1,00,010 கட்டை. தவறியது ஆறு. நீ 25 கெஜத்தில் பக்கத்து ஆளுடைய டார்கெட்டைச் சல்லடையாக்கின கதையை இங்கே நான் எழுதவில்லை.

கைத்துப்பாக்கியில் 1970லேயே ஹெக்லர் அண்ட் காக் கம்பெனி செய்து பார்த்தது, பெரிதாக ஓடவில்லை. ஓட வைத்தவர் காஸ்டன் குளோக். வியன்னாவுக்குப் பக்கத்தில் திரைச்சீலைக் கம்பியும் ராணுவத்துக்குக் கத்தியும் செய்துகொண்டிருந்த மனுஷன், பிஸ்டலே செய்யாதவர், 1982இல் ஆஸ்திரிய ராணுவ ஆர்டரை அள்ளிக்கொண்டு போனார். 2023இல்தான் செத்தார், 94 வயது. எக்ஸ்ரேயில் தெரியாத பிளாஸ்டிக் துப்பாக்கி என்று அமெரிக்காவில் ஒரே கூச்சல். 1988இல் சட்டமே போட்டார்கள். அட, குழலும் மேலே ஓடுகிற ஸ்லைடும் எஃகுதானடா, அது எப்படித் தெரியாமல் போகும்? பழைய அமெரிக்க ராணுவ 1911 பிஸ்டல் ஒரு கிலோவுக்கு மேல், ஏழு தோட்டா. குளோக் 17 காலியாக 625 கிராம், பதினேழு தோட்டா. அப்புறம் யார் எஃகை வாங்குவார்கள்?

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வரத்தான் செய்தது. நைலான் தண்ணீர் குடிக்கும் என்பது உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். காய்ந்து கிடந்தால் முறுகும், கொஞ்சம் ஈரம் ஏறினால் இளகி உறுதிப்படும். ஹூஸ்டன் புழுக்கத்துக்குப் பிரச்சினை இல்லை, துருவும் பிடிக்காது. ஆனால் நல்ல பிளாஸ்டிக், கெட்ட பிளாஸ்டிக் என்று உண்டு. கார்கிலில் நம்ம ராணுவத்து இன்சாஸ் ரைபிளின் மேகசின் (தோட்டாப் பெட்டி) குளிரில் விரிசல் விட்டதாக உன் சித்தப்பா மகன் லீவில் வந்தபோது சொன்னது ஞாபகம் இருக்கிறதா? பேப்பரிலும் வந்தது. எந்தச் சரக்கு, எவ்வளவு இழை, எங்கே கனம் கூட்டியிருக்கிறான் என்பதில்தான் உயிர் இருக்கிறது.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். கடையில் எல்லாரும் லேசானதாகப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். கையில் தூக்கி, "அட, வெயிட்டே இல்லையே" என்று பல்லிளித்து, பில் போட்டுவிடுகிறார்கள். லேசு என்பது சுமக்கிற இடுப்புக்குச் சுகம், சுடுகிற கைக்கு இல்லை. தோட்டா முன்னால் எவ்வளவு உந்தத்தோடு போகிறதோ அதற்கு ஈடாகத் துப்பாக்கி பின்னால் வந்தாக வேண்டும், பிளஸ் டூ பிசிக்ஸ். அதே தோட்டா, துப்பாக்கி எடை பாதி என்றால் உதையின் ஆற்றல் இரட்டிப்பு. நைலான் கொஞ்சம் வளைந்து கொடுத்து உதையைத் தணிக்கும் என்கிறார்கள். கொஞ்சம்தான்.

சுடும் இடத்தில் வாடகைக்கே துப்பாக்கி கொடுக்கிறார்கள், வாங்கும் முன் சுட்டுப் பார்க்கலாம். ருகர் எல்.சி.பி. என்று ஒரு குட்டிப் பிஸ்டல், 300 கிராம்கூடக் கிடையாது, சட்டைப் பையில் போட்டால் தெரியாது. நான் அதைத்தான் ஆசையாக எடுத்தேன். மேகசின் தீர்வதற்குள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சிவந்துவிட்டது. குண்டுகள் போன இடம் அதைவிடக் கேவலம். ருகரிலேயே பாலிமர் ரிவால்வர் ஒன்று, எல்.சி.ஆர்., 380 கிராம் சொச்சம். அதையும் பார்த்தேன். பக்கத்து வரிசையில் அதைச் சுட்ட ஒரு அம்மா முகம் சுளித்து வைத்துவிட்டாள். "மாசத்துக்கு ஒருக்காவாவது பழகணும்னா, வலிக்கிற சாமானை யார் தொடுவா?" என்றாள் ஜெயந்தி. நான் பிசிக்ஸில் போய்ச் சேர்ந்த இடத்துக்கு அவள் சும்மாவே நடந்து வந்து நிற்கிறாள், மாப்ள.

அவளுக்கு வலது மணிக்கட்டு வலி, தெரியுமே. குட்டிப் பிஸ்டல்களில் இன்னொரு வம்பு, ஸ்லைடு சின்னது என்பதால் ஸ்பிரிங்கைக் கடுமையாக வைத்திருப்பான். பின்னுக்கு இழுக்க எனக்கே மூச்சு வாங்குகிறது. கடைசியில் அவள் எடுத்தது ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஷீல்டு ஈஸி, .380. ஒன்பது மில்லிமீட்டர் தோட்டாவுக்குத் தம்பி அது. அரைக்கிலோவுக்குச் சற்று மேல், எட்டுத் தோட்டா, ஸ்லைடு அலுங்காமல் வருகிறது. பிடியின் பின்பக்கம் ஒரு பட்டை, உள்ளங்கை அதை அழுத்தினால்தான் சுடும். பையன் அதைவிடச் சின்னது, புதுசு, விலை கூடியது எல்லாம் எடுத்துப் போட்டான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போத்தீஸில் ஐம்பது சேலையைப் பிரிக்க வைப்பவள் இங்கே இரண்டே நிமிடத்தில் முடித்தாள்.

பன்றிக்கு ரைபிள் தனிக் கணக்கு. ஏஆர்-15 வகை ரைபிளை அலுமினியத்துக்குப் பதில் பிளாஸ்டிக் கீழ்ப்பகுதியோடு விற்கிறார்கள், இறகு மாதிரி. ஆனால் பின்னால் குழாய் திருகுகிற வளையம்தான் அதில் பலவீனம், அங்கே விரிசல் விடும். கேபி-15 என்று ஒன்று, கீழ்ப்பகுதியையும் பட் பாகத்தையும் ஒரே அச்சில் வார்த்து அந்த வளையத்தையே இல்லாமல் பண்ணிவிட்டான். வரைந்தவன் கைக்கு முத்தம் கொடுக்கலாம். என்றாலும் நான் மனசை விட்டது பிளாஸ்டிக் பட் போட்ட, ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் இழுத்துத் தள்ளுகிற சாதா போல்ட் ரைபிளில்தான். ஆறேகால் பவுண்டு எடையில் கிடைக்கிறது, நான் ஏழு தேடுகிறேன். .308 தோட்டா தோளை விசாரித்துவிட்டுத்தான் போகும். மலிவான பட்டில் முன்பக்கம் வளைந்து, ஸ்டாண்டில் அழுத்தும்போது குழலைத் தொட்டுக் குறியை நகர்த்துகிறதா என்று விரலால் நெருக்கிப் பார்க்க வேண்டும். இதெல்லாம் படித்து நோட்டுப் போட்டு வைத்திருக்கையில், "ஒண்ணைச் சுட்டால் மற்றதெல்லாம் உஷாராகிக் கலையும். கூட்டத்தோடு அடைக்கிற கூண்டு வை" என்றார் கிழவர். வனவிலங்கு இலாகாவும் அதையே சொல்கிறது. இந்த ஊரில் சொந்த நிலத்தில் பன்றியைச் சுட 2019இலிருந்து வேட்டை லைசென்ஸ்கூட வேண்டாம். எனக்கோ சுடக் காரணம் இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. ரைபிள் இன்னும் வாங்கவில்லை.

இனி எழுதுவதைச் சரோஜாவிடம் படித்துக் காட்டாதே. கார்த்தி படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்திருக்கிறான். கதவைச் சாத்திக்கொண்டே இருக்கிறான். கேட்டால் "ஒன்றுமில்லைப்பா." டாக்டரிடம் போகிறான், மாத்திரை உண்டு. இந்த நாட்டில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தன்னைத் தானே சுட்டுக்கொள்கிறவர்கள். திருடனால் இல்லை, எதிரியால் இல்லை. சிவாவுக்கு அப்புறம் நீ பூச்சிமருந்து டப்பாவை வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை, மோட்டார் ரூமில் பூட்டி சாவியை இடுப்பில் கட்டியிருப்பாய். அதைப் பார்த்து அப்போது எனக்கு எரிச்சல் வந்தது, ஊரில் வேறு கடையே இல்லையா என்று. இப்போது நான் ராத்திரி எழுந்து உட்கார்ந்து அந்தச் சாவியைப் பற்றித்தான் யோசிக்கிறேன். அந்த நிமிடத்தில் கைக்கெட்டாமல் இருந்தால் போதும். வேறு என்ன கேட்கிறோம்?

பதினேழு வயதுக்குட்பட்ட பிள்ளை கையில் எட்டும்படி வைத்தால் டெக்ஸஸில் குற்றம். இவனுக்கு இருபத்தொன்று, சட்டத்துக்கு இவனைப் பற்றிக் கவலை இல்லை. ஜெயந்தியிடம் சொன்னேன். வாக்குவாதம் பண்ணுவாள் என்று நினைத்தேன், பண்ணவில்லை. துப்பாக்கி ஹூஸ்டன் வீட்டுக்கு வராது. நிலத்து வீட்டில் தரையோடு போல்ட் போட்ட இரும்புப் பெட்டி, எண் அவளுக்கு மட்டும். தோட்டா வேறு பெட்டியில், கிழவர் வீட்டில். கார்த்தி அந்தப் பக்கம் வரும் வாரம் துப்பாக்கியும் கிழவர் வீட்டுக்குப் போய்விடும். அவர் காரணம் கேட்கவில்லை. "என் தம்பிக்கும் இப்படித்தான்" என்று மட்டும் சொன்னார்.

டிசம்பரில் அவனை உன்னிடம் அனுப்பட்டுமா? ஒரு மாதம். படிப்பைப் பற்றி, வேலையைப் பற்றி ஒன்றும் கேட்காதே, பேசினால் கேட்டுக்கொள். வெள்ளன எழுப்பித் தண்ணீர் பாய்ச்ச விடு. அங்கே காப்புக்காட்டுக்கு மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்த பன்றியை வனத்துறை சுடலாம் என்று ஆணை வந்ததாகப் படித்தேன், உங்கள் பக்கம் யாராவது வந்து சுட்டார்களா? ஐயா காலத்தில் வரப்பைச் சுற்றிப் பழைய சேலை கட்டுவோமே, ஜெயந்தி இங்கே அதைத்தான் முதலில் செய்து பார்க்கப் போகிறாளாம். அவளுடையதில் எதையும் பழசு என்று ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள். சரோஜாவிடம் சொல்லி நாலைந்து நூல் சேலை ஒதுக்கி வைக்கச் சொல், கார்த்தி திரும்பும்போது கொடுத்துவிடு. டிக்கெட் போடணும், சீக்கிரம் பதில் சொல்லுடா.

பாண்டி