ரீசார்ஜ் விலை பற்றி, கீழவீதி முனைக் கடையிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நம் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் மூன்று நாளாக ஒரு போட்டோ சுற்றுகிறது. நம் கடை போர்டுதான். ரீசார்ஜ் 179 ரூபாய் என்று இருந்ததை அடித்துவிட்டு 199 என்று சாக்பீஸால் எழுதியிருப்பதை யாரோ படம் எடுத்து, கடைக்காரர் இஷ்டத்துக்கு ஏற்றிவிட்டார், ஜாக்கிரதை என்று கீழே ஒரு வரியும் போட்டிருக்கிறார்கள். போட்டவர் யார் என்று எனக்குத் தெரியும், அவரும் இதைப் படிப்பார், அவர் வீட்டு நாலு நம்பருக்கும் பதினொரு வருடமாக நான்தான் ரீசார்ஜ் போடுகிறேன். சரி, அதை விடுங்கள்.

அந்த இருபது ரூபாய் என் கல்லாவுக்கு வரவில்லை. 2024 ஜூன் 27ஆம் தேதி ஜியோ விலையேற்றத்தை அறிவித்தது, மறுநாள் ஏர்டெல், கூடவே வோடபோன் ஐடியா, ஜூலை 3, 4 தேதிகளில் எல்லாம் அமலுக்கும் வந்துவிட்டது. ஏர்டெலில் 179 ரூபாய் 199 ஆனது. ஜியோவில் 28 நாளுக்கு 239 போட்டவர் 299 போட வேண்டியதாயிற்று. அப்போது உங்கள் போனில் கம்பெனி ஆப்பைத் திறந்து பார்த்திருந்தால் அங்கேயும் அதே விலைதான் இருந்திருக்கும். 199 போட்டால் எனக்கு நிற்பது ஆறு ரூபாய்க்குள், அதில்தான் கரண்ட் பில்லும் கடை வாடகையும். அந்தப் போர்டை நான் ஏன் பெயின்ட்டில் எழுதுவதில்லை என்று நினைக்கிறீர்கள்? 2019 டிசம்பரில் ஒருமுறை, 2021 நவம்பரில் ஒருமுறை, 2024 ஜூலையில் ஒருமுறை என்று மூன்று தடவை அழித்து எழுதியாகிவிட்டது.

போன் கம்பெனிகளைக் கண்காணிக்க டிராய் என்று ஓர் ஆணையம் இருக்கிறதே, அது கேட்காதா என்று ரிட்டையர்டு சார் ஒருவர் கேட்டார். டிராய் விலை வைப்பதில்லை சார். கம்பெனியே விலையை வைத்துக்கொண்டு ஏழு வேலை நாளுக்குள் தெரிவித்தால் போதும், பல வருடமாக அதுதான் நடைமுறை. அப்படியானால் கம்பெனிக்காரன் கொள்ளை அடிக்கிறானா என்றால், நான் அவர்களுக்கு வக்காலத்து வாங்கவில்லை, ஆனால் மேலே நடப்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2010இல் 3ஜி அலைக்கற்றையை ஏலம் விட்டு அரசு 67,719 கோடி வாங்கியது. 2012 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட், போன் கம்பெனிகளுக்கு அரசு கொடுத்திருந்த 122 லைசென்ஸ்களை ஒரே நாளில் ரத்து செய்தது. ஏலம், லைசென்ஸ் போக வருமானத்திலும் அரசுக்குப் பங்கு உண்டு, அதில் எது வருமானம் என்று வருடக்கணக்காக வழக்கு நடந்து, 2019 அக்டோபரில் வட்டி, வாடகை வரவும் சேர்த்தி என்று தீர்ப்பு வந்தது. நான் ஜெராக்ஸ் எடுத்த காசுக்கும், பழைய அட்டைப்பெட்டியை எடைக்குப் போட்ட காசுக்கும் சேர்த்து ரீசார்ஜ் கணக்கில் பங்கு கொடு, பழைய பாக்கிக்கு வட்டி, அபராதம், அபராதத்துக்கும் வட்டி என்று கேட்டால் எப்படி இருக்கும்? 2021இல் அரசே இறங்கி வந்து, இனிமேல் மற்ற வரவைச் சேர்க்க வேண்டாம், பாக்கியை நாலு வருடம் தள்ளிக் கட்டலாம் என்றது. தள்ளித்தான் வைத்தார்கள், தள்ளுபடி செய்யவில்லை. அடுத்த வருடமே 5ஜி ஏலம், ஒன்றரை லட்சம் கோடி. 2024 ஏலம் ஜூன் 26இல் முடிந்தது, 11,340 கோடிதான். மறுநாள் விலையேற்றம். முடிச்சுப் போடவில்லை, தேதியை மட்டும் சொல்கிறேன்.

கடை வாசலில் ஒரு காலத்தில் ஏழு கம்பெனி போர்டு மாட்டியிருந்தேன். இப்போது நாலு. மற்ற மூன்றும் இருந்த இடத்தில் சுவரில் துருக்கறைதான் மிச்சம். 2018 பிப்ரவரி கடைசி ஞாபகம் இருக்கும், பெயர் வேண்டாம், நம் ஊரில் பாதிப் பேர் வைத்திருந்த சிம்மில் திடீரென்று சிக்னல் போய், நம்பரை மாற்றாமல் வேறு கம்பெனிக்கு மாற, அதாவது போர்ட் செய்ய, வரிசை பூக்கடை வரை நின்றதே. அன்றைக்கும் திட்டு எனக்குத்தான்.

கோபத்தில் நிறைய பேர் பிஎஸ்என்எல்லுக்கு மாற்றக் கேட்கிறீர்கள். தாராளமாக மாற்றலாம், 2024 ஜூலையில் அவர்கள் விலை ஏற்றவில்லை. ஆனால் அவர்களுக்கு 4ஜி அலைக்கற்றை தருவதாக 2019லேயே அமைச்சரவை முடிவெடுத்தும், 2020இல் 4ஜி கருவி வாங்கும் டெண்டரை ரத்து செய்து உள்நாட்டுக் கருவிதான் வேண்டும் என்றதில், 2024இல்கூட 4ஜி எல்லா டவருக்கும் வந்திருக்கவில்லை. வீட்டுக்குள் சிக்னல் பார்த்துவிட்டு மாறுங்கள். 2024 ஜூலை 1 முதல் இன்னொரு விதி, தொலைந்த சிம்முக்கு மாற்று சிம் வாங்கினால் ஏழு நாளுக்கு போர்ட் செய்ய முடியாது. மோசடியைத் தடுக்கத்தானாம். இதற்கும் என்னிடம் சண்டை போட்டார்கள்.

போன வாரம் பட்டன் போனுக்கு இன்கமிங் மட்டும் போதும் என்கிற பாட்டி ஒருவர் சுருக்குப் பையிலிருந்து எண்ணி 180 ரூபாயை மேசையில் வைத்து, மீதி ஒரு ரூபாய்க்கு மிட்டாய் கேட்டார். நான் விலையைச் சொல்லவில்லை, 199 போட்டு மிட்டாயும் கொடுத்தேன். சொல்லிக் காட்டுவதாக நினைக்க வேண்டாம், போட்டோ எடுத்தவருக்காக எழுதுகிறேன்.

சிம் வேலை பார்த்த தம்பி திருப்பூருக்குப் போய்விட்டான். பதிவு செய்யாத ஆள் சிம் விற்கக்கூடாது என்பதால் புது ஆள் தயாராகும்வரை சிம், போர்ட் வேலை மாலை 4 மணிக்கு மேல். ஆடி 1 முதல் கடன் ரீசார்ஜ் இல்லை, 200க்குக் கீழ் உள்ளவற்றுக்கு மூன்று ரூபாய் சர்வீஸ் உண்டு.

வெள்ளத்திலும் கொரோனாவிலும் கடையை விடாமல் தேடி வந்தவர்கள் நீங்கள். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்

பின்குறிப்பு: போர்டுக்குப் பக்கத்திலேயே கம்பெனி விலைப்பட்டியலையும் ஒட்டியிருக்கிறேன். போட்டோ எடுத்தவர் இரண்டும் தெரிகிற மாதிரி இன்னொன்று எடுத்து அதே குரூப்பில் போட்டால் நல்லது.