பொதிகை மலை ஏற்றம்: செவ்வாய்க்குள் பதில் தேவை

அனைவருக்கும் வணக்கம். அகத்தியர்கூடம் (1,868 மீட்டர்) போக அனுமதி கிடைத்துவிட்டது. நம் தாமிரபரணி பிறக்கும் மலைதான், ஆனால் ஏறும் வழி கேரளப் பக்கம் போனக்காட்டில் இருந்து.

பிப்ரவரி 5 வியாழன் இரவு 10 மணிக்கு திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் வேன் கிளம்பும். ஞாயிறு இரவு திரும்பிவிடலாம்.

1. அனுமதிக்குக் கொடுத்த அடையாள அட்டையின் அசல் கட்டாயம். ஜெராக்ஸ் காட்டி வாதாட வேண்டாம்.
2. மருத்துவச் சான்றிதழை அந்த வாரத்திலேயே வாங்குங்கள்.
3. முதல் நாள் அதிருமலை முகாம் வரை சுமார் 15 கி.மீ. நடை, மறுநாள் உச்சி. கடைசிப் பாறைகளில் கயிறு பிடித்துத்தான் ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள், பாதியில் சொன்னால் தூக்க ஆளில்லை!
4. பை 8 கிலோவுக்குள் இருக்கட்டும். டார்ச், போர்வை, மழைக்கோட்டு, மாற்றுத் துணி போதும். அட்டைப்பூச்சிக்கு உப்பும் நீளமான காலுறையும். புது ஷூ வேண்டாம், கொப்புளம் வரும்.
5. பிளாஸ்டிக், மது, சிகரெட் எதுவும் கூடாது. தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில்.
6. யானை, காட்டெருமை நடமாடும் காடு. வழிகாட்டியை முந்திக்கொண்டு செல்ஃபி எடுக்கப் போகாதீர்கள்.

முகாமில் கஞ்சி கிடைக்கும். வழிக்கு யாராவது புளியோதரை கட்டிக்கொண்டு வந்தால் புண்ணியம். அல்வா நான் வாங்கி வருகிறேன்.

வருபவர்கள் பெயரோடு ரத்த வகை, வீட்டில் ஒருவருடைய எண் இரண்டையும் எனக்குத் தனியாக அனுப்புங்கள். குழுவில் கட்டைவிரல் மட்டும் போட்டால் கணக்கில் சேராது.