சப்நெட்டிங் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

நெட்வொர்க்கிங் வகுப்பெடுக்கும் ஐயா, அம்மா எல்லோருக்கும் வணக்கம்.

சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க்கிங் சான்றிதழுக்கான சிசிஎன்ஏ தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் மாணவன் எழுதுகிறேன். குறை சொல்லத்தான் எழுதுகிறேன், கோபிக்காதீர்கள். சப்நெட்டிங்கை, அதாவது ஒரு நெட்வொர்க்கைச் சிறு சிறு சப்நெட்டுகளாகப் பிரிக்கும் பாடத்தை, நீங்கள் தொடங்குகிற இடம் சரியில்லை.

எனக்கு நடத்தியவர் முதல் நாளே ஏ, பி, சி என்று கிளாஸ்களைப் பலகை நிறைய எழுதிப்போட்டார். ஐபி முகவரியின் முதல் எண் 1 முதல் 126 வரை இருந்தால் ஏ, 128 முதல் 191 வரை பி, 192 முதல் 223 வரை சி. நானும் உருப்போட்டேன். அடுத்த வாரமே 10.4.8.0/24 என்று ஒரு கணக்கு வந்து நின்றது. 10 என்றால் ஏ, ஏ என்றால் /8 (32 பிட் முகவரியில் முதல் 8 பிட் நெட்வொர்க்கைக் குறிக்கும்), அப்புறம் 24 எங்கிருந்து வந்தது? கேட்டதற்கு "அது அப்படித்தான்" என்றார். அந்தக் கிளாஸ் முறையை ஓரங்கட்டி, நெட்வொர்க் பகுதி எத்தனை பிட் என்பதை நாமே வைத்துக்கொள்ளும் சிஐடிஆர் முறை வந்தது 1993இல். இந்த ஒரு வரியை யாராவது சொல்லியிருந்தால் ஒரு மாதக் குழப்பம் மிச்சம்.

சரி, எங்கே தொடங்கலாம்? கணினி தனக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வியில். ஒரு பாக்கெட்டை (தரவுத் துண்டை) அனுப்பும் முன், பெறுபவர் என் நெட்வொர்க்கிலேயே இருக்கிறாரா, இல்லை வெளி நெட்வொர்க்குக்கு அனுப்பிவைக்கும் கேட்வேயிடம் கொடுக்க வேண்டுமா என்று அது தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத் தன் முகவரியையும் பெறுபவர் முகவரியையும் மாஸ்க்கோடு (நெட்வொர்க் பிட்டுகளில் 1, மற்றவற்றில் 0 உள்ள எண்) பிட் பிட்டாக ஆண்ட் செய்து (இரண்டும் 1 என்றால் மட்டும் 1) பார்க்கிறது, இரண்டு விடையும் ஒன்றாக இருந்தால் நேராக அனுப்புகிறது, இல்லையென்றால் கேட்வே. மாஸ்க் இருப்பதே இதற்குத்தான். நான் 255.255.255.192 என்பதை ஏதோ பாஸ்வேர்டு மாதிரி மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

அடுத்தது, பயிற்சிக் கணக்குகள். எப்போது பார்த்தாலும் 192.168.1 என்றே தொடங்கி கடைசி ஆக்டெட்டிலேயே, அதாவது முகவரியின் நான்காவது எண்ணிலேயே, சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். மாதிரித் தேர்வில் 172.16.37.200/20 எந்த சப்நெட் என்று கேட்டார்கள், நான் 172.16.37.0 என்று எழுதினேன், தைரியமாக. உண்மையில் /20க்கு மாஸ்க் 255.255.240.0, அதாவது ஆட்டம் மூன்றாவது ஆக்டெட்டில். 256இல் 240 போனால் 16. எனவே சப்நெட்டுகள் 0, 16, 32, 48 என்று தாவிப் போகும், 37 விழுவது 32க்கும் 48க்கும் நடுவில். நெட்வொர்க் 172.16.32.0, பிராட்காஸ்ட் (அந்த சப்நெட்டில் எல்லோருக்கும் போய்ச் சேரும் முகவரி) 172.16.47.255. அந்த 37.0 இருக்கிறதே, அது அங்கே ஒரு கணினிக்குத் தாராளமாகக் கொடுக்கக்கூடிய சாதாரண முகவரி! பூஜ்யத்தில் முடிந்தால் நெட்வொர்க், 255இல் முடிந்தால் பிராட்காஸ்ட் என்று எங்கள் மண்டையில் ஏறியதற்கு /24 கணக்குகளை மட்டுமே போட்டுக் கொடுத்ததுதான் காரணம்.

'2 கழி' என்பதையும் கொஞ்சம் பிரித்துச் சொல்லுங்கள். ஹோஸ்ட் (சப்நெட்டில் இருக்கும் கணினி) எண்ணிக்கையில் 2 கழிப்பது நெட்வொர்க் முகவரிக்கும் பிராட்காஸ்டுக்கும். அது இன்றும் உண்டு, இரண்டே முனைகள் உள்ள இணைப்பில் பயன்படும் /31 மட்டும் விலக்கு. சப்நெட் எண்ணிக்கையிலும் 2 கழிக்கச் சொல்வது வேறு கதை, அந்த வழக்கம் காலாவதியானது என்று 1995லேயே ஆர்எஃப்சி 1878 என்ற இணைய ஆவணம் எழுதிவிட்டது. இன்னும் சில நோட்டுகளில் அது உயிரோடு இருக்கிறது, அதை நம்பி மதிப்பெண் இழப்பவர்கள் நாங்கள்.

தேர்வறையில் கால்குலேட்டர் கிடையாது, கடந்துபோன கேள்விக்குத் திரும்பவும் முடியாது. அதற்காக ஒரு பக்கம் நிறைய அட்டவணையை உருப்போடச் சொல்வது வீண் வேலை. 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று பிட் மதிப்புகளுக்கு ஒரு வரி, அதை இடமிருந்து கூட்டிக்கொண்டே போனால் 128, 192, 224, 240, 248, 252, 254, 255 என்று மாஸ்க் எண்களுக்கு இன்னொரு வரி. எனக்கு இது போதுமாக இருக்கிறது. மாஸ்க்கைத் தலைகீழாக்கிய வைல்டுகார்டு மாஸ்க்கூட 255இலிருந்து கழித்தால் வந்துவிடுகிறது.

அடுத்த அணிக்கு முதல் வகுப்பு எடுக்கும்போது கிளாஸ் எதையும் எழுதாமல் பலகையில் இரண்டு முகவரிகளை மட்டும் எழுதிப் பாருங்கள்: 192.168.5.126, 192.168.5.129. இரண்டுக்கும் /26. இவை நேராகப் பேசிக்கொள்ளுமா, கேட்வே வழியாகப் போக வேண்டுமா என்று கேளுங்கள். நேராகத்தான் என்று பாதிப் பேராவது தவறாகச் சொல்வார்கள் (128இல் அடுத்த சப்நெட் தொடங்கிவிடுகிறதே), பாடத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.