வெள்ளி எடையில் அரக்கைச் சேர்த்து விற்ற நடனச் சிலை குறித்துப் புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர் (நடன ஆசிரியை),
மயிலாப்பூர், சென்னை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: பழைய வெள்ளி என்று விற்ற சிலையின் எடையும் காலமும் பொய் – முழுப் பணத்தையும் திருப்பித் தரக் கோருவது.

ஐயா, வணக்கம்.

எங்கள் குரு நடனம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கி 50 வருடம் நிறைந்தது. அவரிடம் படித்த நாங்கள் 14 பேர் பணம் போட்டு, உங்களிடம் ஒரு வெள்ளிச் சிலை வாங்கினோம். பில் என் பெயரில் இருப்பதால் நான் எழுதுகிறேன். உங்கள் தளத்தில் போட்டிருந்த விவரம்: 1950களில் செய்த பழைய வெள்ளி, தஞ்சைப் பெரிய கோயில் கரணச் சிற்பத்தை (கரணம் என்றால் கையும் காலும் உடலும் சேர்ந்த ஆடல் நிலை) பார்த்து அப்படியே செய்த தலபுஷ்பபுடம், 92.5 தரம் (நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி), எடை 640 கிராம். கிராம் 175 ரூபாய் வீதம் 1,12,000 ரூபாய், ஜிஎஸ்டி 3 சதவீதம் 3,360 ரூபாய், ஆக 1,15,360 ரூபாய் கட்டினேன்.

விழா மேடையில் சிலையைக் குத்துவிளக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். ஐந்து முகமும் ஏற்றிய விளக்கு. இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கப் போனால் பீடத்தின் விளிம்பிலிருந்து கரும்பழுப்பாக ஏதோ கசிந்து பட்டுத் துணியில் ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தேன், அரக்கு.

மறுநாள் எனக்குத் தெரிந்த வெள்ளிப் பத்தரிடம் கொண்டுபோனேன். அவர் அடித்தட்டைப் பிரித்து, உள்ளே இருந்ததை இளக்கி எடுத்து, ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தார். அரக்கு 345 கிராம். நடுவில் நிறுத்தியிருந்த இரும்புக் கம்பி 44 கிராம். வெள்ளி வெறும் 251 கிராம். முதலிலிருந்து கடைசிவரை வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன்.

அரக்கு நிரப்பியதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. மெல்லிய தகட்டில் சித்திர வேலை செய்கிறவர்கள் தகடு நசுங்காமலிருக்க உள்ளே அரக்கு வைப்பார்கள், அது தொழில். அந்த அரக்கையும் கம்பியையும் வெள்ளி விலைக்கு நிறுத்து விற்றதுதான் குற்றம். 389 கிராமுக்கு, அதாவது 68,075 ரூபாய்க்கு, எங்களுக்கு வெள்ளியே வரவில்லை. தகட்டை ஹால்மார்க் மையத்தில் சோதித்தேன். 92.5 சரியாக இருக்கிறது. அதை மறைத்து எழுத எனக்கு மனம் வராது.

அடுத்தது காலம். அடித்தட்டுக்கும் அரக்குக்கும் நடுவே, இடைவெளியை அடைக்க ஒரு தாளைக் கசக்கித் திணித்திருந்தார்கள். பிரித்துப் பார்த்தால் தினசரிக் காலண்டர் தாள், ஆண்டு 2023. மடிப்புகளில் பழமைபோல் தெரிந்த கருப்பு, வெந்நீரில் நனைத்த பஞ்சால் ஒரு தடவை துடைத்ததும் மையாகப் பஞ்சில் வந்துவிட்டது. வெள்ளி தானாகக் கறுத்தால் இப்படி வெந்நீரில் கரைந்து வராது. தொலைபேசியில் கேட்டபோது உங்கள் ஊழியர், “பழைய பீஸ்தான் மேடம், நடுவில் ரிப்பேர் பார்த்திருப்பாங்க” என்றார். பார்த்திருந்தால் அதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டாமா?

மூன்றாவது விஷயத்தை நீங்கள் சின்னதாக நினைக்கலாம், எனக்கு அப்படி இல்லை. சிலையைக் கையில் வாங்கிப் பார்த்த குரு, யாருக்கும் கேட்காத குரலில் என்னிடம், “கை ரெண்டும் நடு மார்புல இருக்கேம்மா, இது வணக்கம்தானே?” என்றார். தலபுஷ்பபுடம் நாட்டிய சாஸ்திரம் சொல்லும் 108 கரணங்களில் முதலாவது. பூ ஏந்தும் புஷ்பபுடக் கை இடப்பக்கம் வர வேண்டும், விலா சாய வேண்டும், குதிகால் எழும்பிப் பாதத்தின் முன்பகுதி தரையில் ஊன்ற வேண்டும். உங்கள் சிலையில் ஒரு பெண் இரண்டு பாதத்தையும் தட்டையாக வைத்து, கும்பிட்டுக்கொண்டு நேராக நிற்கிறாள். அதைவிட, பெரிய கோயில் விமானத்தின் மேல்தளத்தில் செதுக்கிய 81 கரணங்களிலும் ஆடுவது நான்கு கைகளோடு சிவபெருமான். மீதி 27 இடம் செதுக்காத வெறும் கல்லாக நிற்கிறது. பெண் ஆடும் கரணங்களைப் பார்க்க சிதம்பரம் கோபுர வாசலுக்குப் போக வேண்டும், அங்கே நாட்டிய சாஸ்திர சுலோகத்தையும் சேர்த்தே வெட்டி வைத்திருக்கிறார்கள். தஞ்சாவூர்ச் சிற்பத்தைப் பார்த்து அப்படியே செய்தது என்று எழுதியவர் அதன் படத்தைக்கூடப் பார்த்ததில்லை.

இவ்வளவுக்கும் அந்தச் சிலையில் நல்ல வேலை இருக்கிறது. நடன உடையின் விசிறி மடிப்பில் ஒவ்வொரு இழையும் தனித்தனியாக எழும்பி நிற்கிறது. கணுக்காலில் சலங்கை மணி ஒவ்வொன்றையும் செய்தவர் தனியாக உளியால் தட்டியிருக்கிறார். புது வேலை, 251 கிராம் வெள்ளி, கூலி இவ்வளவு என்று நேராகச் சொல்லியிருந்தால் அந்தக் கூலியைக் கொடுத்தே வாங்கியிருப்போம். செய்தவர் உழைப்பை மறைத்து, அதன்மேல் இல்லாத வயதை ஏற்றி விற்றிருக்கிறீர்கள்.

இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பினேன். “ஆன்ட்டிக் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது” என்ற ஒரே வரிதான் பதிலாக வந்தது. எடையையும் காலத்தையும் பற்றித் தவறான விவரம் கொடுத்து விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வர்த்தக முறை. உங்கள் ரிட்டர்ன் விதி அதற்குத் தடையாகாது.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் 1,15,360 ரூபாயையும் என் வங்கிக் கணக்குக்குத் திருப்பி அனுப்புங்கள். சிலையையும், வெளியே எடுத்த அரக்கு, கம்பி, காலண்டர் தாள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்திருக்கிறேன், உங்கள் செலவில் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். இதே வரிசையில் இன்னும் விற்பனைக்கு இருக்கும் சிலைகளுக்கு வெள்ளி எடை வேறு, நிரப்பிய எடை வேறு என்று பிரித்துப் போடுங்கள். தஞ்சாவூர், 1950கள் என்ற இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

தவறினால் நான் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடுவேன். மனுவைத் தயார் செய்துவிட்டேன்.

இணைப்பு: பில் நகல், தள விவரத்தின் படம், எடை போட்ட வீடியோ, ஹால்மார்க் மைய அறிக்கை.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்